மாங்கன்றுக்குப் பட்ட கண்

என் கண்ணில் கொள்ளி இருக்கிறது என்று முதலில் சொன்னவள் வெளியாள் இல்லை. என் ஓரகத்தி உண்ணாமலை. என் கொழுந்தன் அர்த்தநாரியின் மனைவி. அவளைப் பெண் பார்த்தது நான், கூறைப்புடவைக்கு நிறம் சொன்னது நான், ஆரத்தி சுற்றி வீட்டுக்குள் கூப்பிட்டதும் நான். அப்படிப்பட்டவள் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது.

சென்னியம்மாளுக்கு வாய் நீளம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. வாய் இருப்பதால்தான் பாதிப் பேர் என்னிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். ஆனால் கண்ணைப் பற்றிச் சொன்னால் பொறுக்க மாட்டேன்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் பூமி. மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை ஒட்டிய கீழ்க்காடு எங்களுக்கு. மழைத் தண்ணீர் ஓடும் வாரிக்கு மேலே, மலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேக்காடு அர்த்தநாரிக்கு. காடு என்றதும் மரமும் புதருமாக நினைத்துவிடாதீர்கள். உழுது விதைக்கிற நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம். மேக்காட்டில் சோளம் போட்டால் பாதி மானுக்குப் போகும், கடலை போட்டால் பாதி பன்றிக்குப் போகும். வருஷம் முழுக்க உழைத்து மலைக்குப் படியளக்கிறேன் என்று அலுத்துக்கொண்டவன், ஒரு நாள் மரம் வைக்கப் போகிறேன் என்று கிளம்பினான்.

முதலில் அவனுக்கு ஆசை ஆப்பிள் மேல். ஏற்காட்டில் ஒரு துரை ஆப்பிள் மரம் வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேலத்தில் பழ மண்டி வைத்திருந்த நசுருல்லா பாயிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் சிரித்த சிரிப்பில் மண்டியே திரும்பிப் பார்த்ததாம். "தம்பி, உங்க ஊர் வெயிலுக்கு ஆப்பிள் மரத்துலயே வெந்துரும். பறிச்சு அப்படியே குழம்புல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மல்கோவா ஒட்டுக் கன்றுகளைத் தொட்டியோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

கொட்டை போட்டு முளைத்த நாட்டு மாமரம்தான் எங்கள் ஊர் கண்டது. ஒட்டுக் கன்றை யாரும் பார்த்ததில்லை. முழங்கால் உயரத்தில், தண்டின் நடுவே துணி சுற்றிய கட்டோடு, அடிபட்டு வந்த பிள்ளைகளைப் போல அவை வண்டியிலிருந்து இறங்கின. நானும் உண்ணாமலையும்தான் குழிக்கு எரு சுமந்தோம். சுற்றிலும் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி வைத்தோம். ஒவ்வொரு கன்றுக்கும் தனியாக இலந்தை முள்ளைக் கூடு போலக் கட்டினோம். கிடா மான் கொம்பை உரசித் தோலை உரித்துவிடும் என்பதால், தண்டில் பனையோலையைச் சுற்றினேன். கையெல்லாம் முள் கீறி ரத்தம் வந்தது. சிரித்துக்கொண்டேதான் செய்தோம்.

எனக்குப் பிள்ளை இல்லை. திருச்செங்கோட்டு மலைக்கு எத்தனை முறை படியேறினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. உண்ணாமலைக்கு முதல் பிள்ளை பிறந்து அழவே இல்லை. அவளுக்குத் தாயும் இல்லை. அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஐப்பசியில் அவள் மறுபடி தலைமுழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் வயிற்றில் பிறந்தாலும் என் மடியிலும் கொஞ்ச நேரம் கிடக்கும், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். எனக்கு வேறென்ன வேண்டும்.

மாசியில் கன்றுகள் துளிர் விட்டன. மாந்துளிர் பச்சையாக வராது, தாமிர நிறத்தில் பளபளவென்று வரும். நான் மேக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ளெ, ஒவ்வொண்ணும் பட்டுச் சீலை கட்டிக்கிட்டு நிக்குது" என்றேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் நாலைந்து கன்றின் துளிரை மான் தின்றுவிட்டுப் போயிருந்தது. மலையடிவாரத்தில் மான் வராமல் யானைக் கூட்டமா வரும்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்ணாமலை எடுத்துக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மோர் கொடுக்கப் போனேன். மறுநாள் காலையில் மான். பங்குனியில் முருங்கைக்காய் கொண்டு போனேன். மறுநாள் காலையில் மான், போதாததற்கு மிச்சமிருந்த இலைகளின் நுனி தீயில் காட்டியதுபோலக் கருகிக் கிடந்தது. நான் போகாத நாட்களில் மான் முள்ளுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். நான் போய்விட்டு வந்தால் முள்ளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? உண்ணாமலையின் இடத்தில் நான் இருந்திருந்தால், இன்னும் முன்னாலேயே சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாகவும் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவள் நேரில் சொல்லவில்லை. புருஷனை அனுப்பினாள். அர்த்தநாரி எங்கள் எருமைக் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து, கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

"நங்கையா, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லு."

"சித்த நாளைக்கு மேக்காட்டுப் பக்கம் வர வேண்டாமுங்க."

"ஏன், புலி கிலி எறங்கிருச்சா?"

"நீங்க வந்துட்டுப் போனா அடுத்த நாள் மான் வந்துருதுங்க. அவ பயப்படறா. வவுத்துல புள்ளையோட இருக்கறா."

"மான் வந்தா மானைத் திட்டு. என்னை எதுக்குத் திட்டறே?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்க கண்ணு கொள்ளிக்கண்ணுன்னு சொல்றாளுங்க. நான் சொல்லலீங்க."

நான் இந்த வீட்டுக்கு வரும்போது அவன் கோவணம் கட்டிய பையன். என் கையால் தின்று வளர்ந்தவன். எனக்கு வாயில் வராத வார்த்தை கிடையாது, அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. "போ சாமி. அவ நல்லபடியாப் பெத்து எந்திரிக்கட்டும். நான் வரல" என்று மட்டும் சொன்னேன். அவன் போன பிறகு எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சொல்லுக்குக் கால் முளைக்க எத்தனை நாள் ஆகும்? எருமப்பட்டிச் சந்தையில் ஒருத்தி என்னைக் கண்டதும் இடுப்பிலிருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். எங்கள் பக்கம் பெரியவர் சிறியவர் யாரையும் கண்ணு, சாமி என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரு பிள்ளையை "வா கண்ணு" என்று கூப்பிட்டேன். அதன் தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். சித்திரையில் உண்ணாமலைக்கு ஏழாம் மாச வளையல் போட்டார்கள். பெண்கள் கூட்டமாக எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வளையலுக்கே கூப்பிடாதவர்கள் பிள்ளையைக் கண்ணில் காட்டவா போகிறார்கள்? அதை நினைத்ததும் எனக்குப் பயம் வந்தது. இந்தப் பெயரோடு அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவே முடியாது.

என் வீட்டுக்காரர் செங்கோடன் எதற்கும் பதறாதவர். "ஏம்புள்ளெ, உன்ற கண்ணுக்கு அவ்வளவு சத்து இருந்தா நம்ம காட்டுக் கோரையைக் கொஞ்சம் உத்துப் பாரேன். களை வெட்டற வேலை மிச்சம்" என்றார்.

"ஏனுங்க, உங்களைத்தான் இத்தனை வருசமா உத்துப் பாக்கறேன். ஒண்ணும் ஆகலியே" என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

வளையல் போட்ட வாரத்துக்கு அடுத்த வாரம் எங்கள் எருமைக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு மேக்காட்டுக்கு ஓடிவிட்டது. என்னைத்தான் வர வேண்டாம் என்றார்கள், எருமைக் கன்றுக்கு யாரும் சொல்லவில்லை. அதை இழுத்து வரப் போனேன். வேலிப் பக்கம் என்னைப் பார்த்ததும் உண்ணாமலை வயிற்றை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் கன்றை இழுத்துக்கொண்டு வாரியில் இறங்கும்போது காலில் முள் ஏறிவிட்டது. கரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினேன். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் வெளியே வந்தாள். கையில் முறம். முறத்தில் கல் உப்பும் வரமிளகாயும். ஒவ்வொரு கன்றையும் மூன்று சுற்று சுற்றினாள். மிளகாயைத் தனியாக எடுத்துக்கொண்டாள். உப்பைக் கை நிறைய அள்ளிக் கன்றின் தூரில் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, "உப்புக் கரையறாப்பல கண்ணு கரையட்டும்" என்றாள். ஒன்றுவிடாமல் எல்லாக் கன்றுக்கும் செய்தாள். மனிதருக்குச் சுற்றிய உப்பைத் தண்ணீரில் போடுவோம். மரத்துக்குச் சுற்றினால் அதன் காலடியிலேயே கரைக்க வேண்டும் என்று அவளாக முடிவுசெய்திருக்கிறாள். தென்னங்கன்றுக்குக் குழியில் உப்புப் போடுகிற ஊர், அவளுக்கு அதில் தப்புத் தோன்றவில்லை. உப்புக்காக ஊர் ஊராக ஜெயிலுக்குப் போய்விட்டு வந்திருந்த காலம் அது. வரி கட்டி வாங்குகிற உப்பை இப்படி மண்ணில் கொட்டுகிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது. எனக்காகத்தான் கொட்டுகிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நான் வந்து போன ஒவ்வொரு நாளும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது.

மறுநாள் விடியும்போதே வாரிக்கரைக்குப் போய்விட்டேன். மான்கள் ஏற்கெனவே வந்திருந்தன. முள் கூட்டை நெஞ்சால் தள்ளிவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தன. இலையைத் தின்னவில்லை. தலை தரையில் கிடந்தது. நாக்கை நீட்டி மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. நக்கி முடித்துத் தலையைத் தூக்கும்போது எதிரில் இலை இருக்கிறது, சும்மா விடுமா? கூழுக்கு ஊறுகாய் போல அதையும் ஒரு கடி கடித்துக்கொண்டன.

நான் எருமை வைத்திருப்பவள். தவிட்டில் உப்புப் போடாவிட்டால் எங்கள் எருமை தொட்டியை முட்டித் தள்ளும். உப்புச் சாக்கு இருக்கிற அறையின் கதவைத் திறந்து வைத்தால் கன்று முதற்கொண்டு உள்ளே வந்து நிற்கும். மலையில் உப்புக்கு எங்கே போகும் இந்த மான்? இலை நுனி கருகியதும் எந்தக் கண்ணாலும் இல்லை, அத்தனை உப்பை வேரில் வைத்தால் எந்தக் கன்றுக்குத்தான் கருகாது? கரையில் உட்கார்ந்துகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். அந்தச் சத்தத்தில் மான்கள் ஓடிவிட்டன.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல்குச்சியை மென்றபடி யோசித்தார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்குது. ஆனா நீ போய்ச் சொன்னா, தப்பிக்கறதுக்குக் கதை கட்டறேன்னுதான் நெனைப்பா" என்றார்.

உண்மைதான். திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டவள் திருடனைக் காட்டிக் கொடுத்தால் யார் கேட்பார்கள்? அவர்களே கண்ணால் பார்க்க வேண்டும்.

வாரிக்கு அந்தப் பக்கம், மேக்காட்டு வேலிக்கும் மலைக்கும் நடுவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதில் புல் பூண்டுகூட முளைக்காது. என் வீட்டு உப்பை ஒரு மரக்கால் எடுத்துப் போய் அதில் கொட்டித் தண்ணீர் தெளித்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெட்டை மான் வந்து மோந்து பார்த்தது. அதற்கு அடுத்த நாள் அது தன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நான் அர்த்தநாரியை வரப்பில் மறித்து, "நாளைக்கு வெடியால வாரிக்கரைக்கு வா. உன்ற வேலிக்குள்ள வர மாட்டேன், பயப்படாதே" என்றேன். வந்தான். பாறை மேல் மான்கள் நெருக்கியடித்துக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தன. கிடா ஒன்று குட்டியைக் கொம்பால் தள்ளிவிட்டு இடம் பிடித்தது.

"அந்தப் பாறையில என்னங்க இருக்குது?"

"உப்பு. நான் வெச்சேன். இப்ப நீ சொல்லு. அந்தப் பாறையில ஒரு கன்னு இல்லை, ஒரு துளிர் இல்லை. மொட்டைப் பாறைக்கு யாரு கண்ணு பட்டுதுன்னு இத்தனை மான் வருது?"

அவன் பாறையைப் பார்த்தான், திரும்பித் தன் கன்றுகளைப் பார்த்தான். மூளை உருளுவது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அய்யோ நங்கையா. நாங்களே விருந்து வெச்சுக் கூப்புட்டிருக்கறோமுங்க" என்றான்.

உண்ணாமலை அவ்வளவு சுலபத்தில் மடங்கவில்லை. அர்த்தநாரி சொன்னதைக் கேட்டுவிட்டு அவளே வேலியோரம் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம்.

"அக்கா, உப்புக்கு மான் வருதுன்னே வெச்சுக்குவோம். ஆனா கண்ணுன்னு ஒண்ணு இல்லைன்னு ஆகிருமாங்க? எனக்கு ஒண்ணு போயிருச்சுங்க. இன்னொண்ணைக் குடுக்க எங்கிட்டத் தெம்பு இல்லீங்க."

அவளைத் திட்டலாம் என்று வந்த எனக்கு அதைக் கேட்டதும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் விட முடியாது. விட்டால் பிள்ளை என் கைக்கு வராது.

"சரி, இப்புடிச் செய்யலாம். தூர்ல இருக்கற உப்பு மண்ணையெல்லாம் அர்த்தநாரி வழிச்சு எடுத்து அந்தப் பாறையில கொண்டுபோய்க் கொட்டட்டும். புது மண்ணும் எருவும் போடட்டும். அப்பறம் நான் உள்ளே வாரேன். உன்ற கன்னு ஒண்ணையும் விடாம உத்துப் பாக்கறேன். பாத்துப்போட்டுப் போறேன். நீ உப்பைத் தொடக் கூடாது. மறுநா வெடியால என்ன ஆகுதுன்னு பாப்போம்."

"கருகிப் போச்சுன்னா?"

"கருகிப் போச்சுன்னா நான் இந்த ஊரை உட்டே போயிடறேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அர்த்தநாரி மண் வழித்துக் கொட்ட நாலைந்து நாள் ஆனது. பிறகு நான் போனேன். அடடா, அன்றைக்கு நான் பார்த்த பார்வையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கன்றின் முன்னாலும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். அடியிலிருந்து நுனி வரை கண் கொட்டாமல் பார்த்தேன். பார்த்தது போதாது என்று வாயாலும் சொன்னேன். "எம்மாடி, என்ன பச்சை இது. இவன் தண்டைப் பாரு, கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கறான். இந்தக் குட்டைச்சி இருக்கறாளே, இவதான் மொதல்ல காய்க்கப் போறா." உண்ணாமலை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அர்த்தநாரி சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசிக் கன்று வரை போய்விட்டுத்தான் எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஒருவேளை இருந்தால்? பிள்ளை இல்லாதவள் மனசில் ஏக்கம் இல்லை என்று நான் யாரிடம் பொய் சொல்வது? உண்ணாமலையின் வயிற்றைப் பார்த்து என் வயிறு எரிந்ததில்லை. சத்தியமாக எரிந்ததில்லை. ஆனால் ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கம் என்னை அறியாமல் கண் வழியாக இறங்கிப் போய் ஒரு பச்சைக் கன்றைக் கருக்கிவிடுமோ? மானைப் பார்த்தவள் நான்தான், உப்பைப் பார்த்தவள் நான்தான். அப்படியும் அந்த யோசனை என்னை விடவில்லை. ஊர் நம்பியதைவிட அதிகமாக நானே என்னை நம்பாமல் கிடந்தேன்.

காலையில் வாரிக்கரைக்குப் போகவில்லை. எருமையைக் கறந்தேன், அதிலும் பாதியைத் தரையில் கறந்தேன். வீட்டுக்காரர், "போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

வெயில் ஏறிய பிறகு வாசலில் நிழல் விழுந்தது. உண்ணாமலை. அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாரி இறங்கி ஏறி, தனியாக வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அக்கா, சாணியைக் கரைச்சு எலையில தெளிச்சா மான் வாய் வெக்காதுன்னு சொல்லுவாங்களே. அதை எப்புடிக் கரைக்கறதுங்க? கட்டியாவா, தண்ணியாவா?" என்றாள்.

"மோராட்டம் கரைக்கோணும்" என்றேன். "பழைய சாணின்னா இன்னும் நல்லது. நாத்தம் வரோணும்."

"ஒரு எலைகூடக் கருகலீங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை இருவருக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் மன்னிக்கவும் இல்லை. அன்று மாலையே சாணியைக் கரைத்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மேக்காட்டுக்குப் போனோம். அவளைக் குனிய விடாமல் நானே தெளித்தேன்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு மரக்கால் உப்பு மான்களுக்கென்று பாறைக்குப் போனது. வைகாசியில் ஒரு மழை பெய்தது. கன்றுகள் மறுபடி துளிர்த்தன. மான்கள் பாறைக்கு வந்து, நக்கி, வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலையேறின. கிளுவை வேலியும் இலை கட்டி நெருங்கிவிட்டது. நசுருல்லா பாய் பார்க்க வந்தவர், "கொல்லிமலை மானுக்கு உப்புப் போடற மகராசி யாரும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரில் பேச்சு முழுதாக நின்றுவிடவில்லை. சந்தையில் முந்தானை இழுப்பவர்கள் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை, ஒருத்தியின் வாசல் திறந்திருந்தது.

ஆனியில், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தபோது அர்த்தநாரி ஓடி வந்தான். "நங்கையா, வலி எடுத்துருச்சுங்க." நான் போய்ச் சேர்வதற்குள் மருத்துவச்சி ஆத்தாயி வந்திருந்தாள். நான் உள்ளே போகவில்லை. வெளிச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் இங்கேயே நிற்கலாம் என்று இருந்தேன். உள்ளே என்ன சத்தம் வரப் போகிறது என்பதுதான் எனக்குப் பயம். போன முறை சத்தமே வரவில்லை.

இந்த முறை வந்தது. வீறிட்டு, ஊரையே எழுப்புகிற அழுகை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆத்தாயி கதவைத் திறந்து, "பொட்டப் புள்ளை. ரெண்டு பேரும் சொகம். சென்னியம்மா, உள்ளே வா. உன்னைத்தான் கேக்கறா" என்றாள்.

உள்ளே போனேன். பாயில் உண்ணாமலை வியர்த்துக் கிடந்தாள். பக்கத்தில் துணிக்குள் ஒரு சின்ன முகம். நான் முகத்தைப் பார்க்காமல் துணியின் ஓரத்தைத்தான் பார்த்தேன், அத்தனை நாள் பழக்கம். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு அப்படியே வரும் என்பார்கள். அதனால் குடும்பத்தில் யார் தங்கமானவர் என்று பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"ஆருக்குச் சொல்லி உட்டிருக்கறே?" என்று கேட்டேன். "நாமக்கல்லுல இருக்கற உன்ற சின்னம்மாளுக்கா? வர நேரமாகுமே."

"நீங்க வெய்யுங்க அக்கா."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "புத்தி கெட்டவளே, என்ற கொணம் வந்துரும். இந்த வாய் வந்துரும். அப்பறம் அதைக் கட்டிக்கிட்டு எவன் மாரடிப்பான்?"

உண்ணாமலை கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். பிள்ளை பெற்றவள் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்தை நோக்கி என் விரலை இழுத்தாள்.

"வரட்டுமுங்க" என்றாள். "அப்புடியே வரட்டும். மொதல்ல அவளை நல்லா உத்துப் பாருங்க. பாத்துட்டு வெய்யுங்க."

நான் பார்த்தேன்.